பெயர் தெரியாத கதையைத் தேடி...

குட்டீஸ்! உங்களுக்கு ஒரு துப்பறியும் வேலை வந்திருக்கிறது. திருடனைப் பிடிக்கும் வேலை அல்ல. ஒரு கதையைப் பிடிக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை கொட்டுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று அவர் சொல்கிறார்:

"காலேஜ் படிக்கும்போது ஒரு இங்கிலீஷ் கதை படிச்சேன். வேற கிரகத்துல நடக்கிற கதை. வெள்ளிக் கிரகம்னு நினைக்கிறேன். அங்கே மழை நிக்கவே நிக்காது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெயில் வரும். அன்னைக்குப் பார்த்து, ஒரு பொண்ணை மத்த பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டிடுவாங்க. பாவம்! கதையோட பேரும் ஞாபகம் இல்லை, எழுதினவர் பேரும் ஞாபகம் இல்லை. அந்தப் புத்தகத்துக்கு அட்டையே கிடையாது."

அம்மா சிரிக்கிறார். "எல்லாம் நீ கண்ட கனவா இருக்கும்டா!"

"இல்லக்கா... நிஜமாவே படிச்சேன்" என்கிறார் மாமா. அவர் முகம் சுருங்கிப் போகிறது.

அந்தச் சுருங்கிய முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும். இப்போது நோட்டை எடுங்கள். கதையைத் தேடிக் கிளம்பலாமா?

எது உறுதி? எது சந்தேகம்?

நல்ல துப்பறிவாளர் முதலில் ஓட மாட்டார். உட்கார்ந்து எழுதுவார். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'உறுதி', வலப்பக்கம் 'சந்தேகம்'.

நம் மூளைக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. பெயர்களையும் எண்களையும் சீக்கிரம் தொலைத்துவிடும். மனதைப் பிசைந்த ஒரு காட்சியை மட்டும் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்ளும். அதனால் மாமா சொன்ன 'பத்து வருஷம்' என்பது சந்தேகப் பக்கத்துக்குப் போகட்டும். எண் மாறியிருக்கலாம். 'ரூம்' என்பதும் அங்கேயே போகட்டும். நிற்காத மழை, எப்போதாவது வரும் வெயில், பூட்டப்பட்ட சிறுமி... இந்த மூன்றும் உறுதிப் பக்கத்துக்கு!

வெள்ளிக் கிரகம்? அதை அடிக்கோடிடுங்கள். நமது முதல் பெரிய துப்பு அதுதான்.

கிரகமே சாட்சி!

வெள்ளியை உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கிழக்கேயும், சில மாதங்களில் மாலையில் மேற்கேயும் பளிச்சென்று மின்னுமே, விடிவெள்ளி என்கிறோமே, அதேதான். ஆனால் எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அதன் தரை தெரியாது. காரணம், கிரகம் முழுவதையும் கம்பளி போல மூடியிருக்கும் அடர்த்தியான மேகம்.

"இவ்வளவு மேகம் இருந்தால் மழை இல்லாமலா போகும்?" என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற சுவீடன் விஞ்ஞானி ஸ்வான்டே அரீனியஸ்கூட, 1918-ல் வெளியான தன் புத்தகத்தில் வெள்ளியை ஈரம் சொட்டும் சதுப்பு நிலமாக வர்ணித்தார். விஞ்ஞானியே சொன்ன பிறகு கதாசிரியர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் அங்கே காட்டை வளர்த்தார். இன்னொருவர் கடலை நிரப்பினார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1954-ல் சிறுவர்களுக்காக எழுதிய ஒரு நாவலில் வெள்ளிக் கிரகம் முழுக்கக் கடல்தான்!

பிறகு உண்மை வெளியே வந்தது. 1956-ல் வெள்ளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்தபோதே, அது ரொம்பச் சூடான இடம் என்ற சந்தேகம் கிளம்பியது. 1962 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் மரைனர்-2 விண்கலம் வெள்ளிக்குச் சுமார் 35,000 கிலோமீட்டர் அருகே பறந்து, அந்தச் சந்தேகத்தை உறுதி செய்தது. 1970 டிசம்பர் 15 அன்று சோவியத் யூனியனின் வெனிரா-7 அதன் தரையிலேயே இறங்கியது. அங்கே வெப்பம் எவ்வளவு தெரியுமா? சுமார் 475 டிகிரி செல்சியஸ்! ஈயம் உருக 327 டிகிரி போதும். அதாவது, அங்கே ஒரு ஈயக்கட்டியை வைத்தால் குழம்பாக உருகிவிடும். காற்றின் அழுத்தமோ பூமியில் இருப்பதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு.

மழை? அதுவும் உண்டு. ஆனால் தண்ணீர் மழை அல்ல. கந்தக அமில மழை. அதுவும் தரையைத் தொடுவதற்கு முன்பே சூட்டில் ஆவியாகிவிடும்.

இதில் நமக்கு என்ன துப்பு என்கிறீர்களா? யோசியுங்கள். 1962-க்குப் பிறகு வெள்ளியில் மழை பெய்வதாக ஒருவர் எழுதினால், 'இது நிஜமல்ல' என்று தெரிந்தே எழுத வேண்டும். அப்படி எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆகவே மாமாவின் கதை, பெரும்பாலும் 1962-க்கு முன்னால் எழுதப்பட்டது!

இன்னொரு பக்கம் வாருங்கள். அறிவியல் கதைகளுக்காகவே நடத்தப்பட்ட முதல் ஆங்கிலப் பத்திரிகையான 'அமேஸிங் ஸ்டோரீஸ்', அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் தொடங்கியது. அதன் பிறகுதான் இந்த வகைச் சிறுகதைகள் வெள்ளமாக வரத் தொடங்கின. ஆக, நமது கதை 1926-க்கும் 1962-க்கும் இடையே எங்கோ ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு துப்பை வைத்து 36 ஆண்டுகளுக்குள் வளைத்துவிட்டோம். சபாஷ்!

பழுப்புக் காகிதக் குவியல்

36 ஆண்டுகள் என்றால் கொஞ்சமா? அந்தக் காலத்தில் அமெரிக்காவில் டஜன் கணக்கில் அறிவியல் கதைப் பத்திரிகைகள் வந்தன. ஒவ்வொரு இதழிலும் பல கதைகள். பல பத்திரிகைகள் மட்டமான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை. அந்தக் காகிதத்தில் உள்ள அமிலம் அதையே அரித்துவிடும். சில ஆண்டுகளில் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். படித்து முடித்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்களே அதிகம்.

நல்லவேளை, சில ரசிகர்கள் பொறுப்போடு இருந்தார்கள். டொனால்டு டே என்ற ரசிகர், 1926 முதல் 1950 வரை அறிவியல் கதைப் பத்திரிகைகளில் வந்த கதைகளை எல்லாம் பட்டியல் போட்டு, 1952-ல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அப்போது கம்ப்யூட்டர் ஏது? எல்லாம் கைவேலைதான். அதே வேலையை, 1995-ல் தொடங்கப்பட்ட 'இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன் டேட்டாபேஸ்' என்ற இணையப் பட்டியல் இன்று செய்கிறது. எந்தக் கதை, எந்த இதழில், எந்த மாதம் வந்தது, பிறகு எந்தப் புத்தகத்தில் சேர்ந்தது என்று எல்லாம் அதில் உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். இந்தப் பட்டியலில் தேட, கதையின் பெயரோ, எழுதியவர் பெயரோ வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லையே!

தப்பான கதவு... சரியான தெரு!

கவலை வேண்டாம். 'வெள்ளிக் கிரகம், நிற்காத மழை, பழைய அறிவியல் கதை' என்று தேடிப் பார்த்தால், சீக்கிரமே ஒரு கதை அகப்படும். பெயர் 'தி லாங் ரெயின்'. 'நீண்ட மழை' என்று அர்த்தம். எழுதியவர் ரே பிராட்பரி. 1950-ல் வெளியானது.

"கிடைச்சாச்சு!" என்று குதிக்காதீர்கள். உறுதிப் பக்கத்தைப் பாருங்கள். மழை? இருக்கிறது. வெள்ளி? இருக்கிறது. பூட்டப்பட்ட சிறுமி? அவளைக் காணோம்! இந்தக் கதையில் வருபவர்கள் விண்கலம் விபத்துக்குள்ளாகி, ஒதுங்க இடம் தேடிக் கொட்டும் மழையில் நடக்கும் பெரியவர்கள். ஆக, இது வேறு கதை. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும் என்று விட்டுவிடுபவர் துப்பறிவாளரே இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 'தி லாங் ரெயின்' முதலில் பத்திரிகையில் வந்தபோது அதன் பெயர் 'டெத் பை ரெயின்'. 'மழையால் மரணம்'! மறு ஆண்டு புத்தகத்தில் சேர்த்தபோது பெயர் மாறிவிட்டது. கதைகளும் சில சமயம் மாறுவேடம் போடும். தேடுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

சரி, கதவு தப்பு. ஆனால் தெரு? ஒரு எழுத்தாளருக்கு மழைக் கிரகம் பிடித்துப் போய்விட்டால், ஒரே கதையோடு நிறுத்துவாரா? அதே பிராட்பரி எழுதிய மற்ற கதைகளைப் பாருங்கள். 'மழை' என்ற சொல் வரும் தலைப்புகளை மட்டும் பார்த்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். மழைக்கு நேர் எதிரான ஒரு தலைப்பு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

'ஆல் சம்மர் இன் எ டே'. 'ஒரே நாளில் மொத்தக் கோடையும்'!

'தி மேகஸின் ஆஃப் ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்ஷன்' என்ற பத்திரிகையின் 1954 மார்ச் இதழில் வந்தது. 1959-ல் 'எ மெடிசின் ஃபார் மெலன்கலி' என்ற தொகுப்பில் சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962-க்கு எட்டு ஆண்டுகள் முன்னால். நம் வெள்ளிக் கிரகச் சாட்சி பொய் சொல்லவில்லை!

அந்தக் கதை இதுதான்

வெள்ளிக் கிரகம். பூமியிலிருந்து ராக்கெட்டில் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். ஏழு ஆண்டுகளாக விடாத மழை. இன்று ஓரிரு மணி நேரம் மட்டும் மழை நின்று, சூரியன் எட்டிப் பார்க்கப் போகிறது. வகுப்பில் எல்லோருக்கும் வயது ஒன்பது. போன தடவை சூரியன் வந்தபோது அவர்களுக்கு வயது இரண்டு. அதனால் வெயில் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் மார்கோ. நான்கு வயது வரை பூமியில் வளர்ந்தவள். சூரியன் எப்படி இருக்கும் என்று அவள் சொல்கிறாள். மற்றவர்கள் நம்பவில்லை. "பொய்!" என்கிறார்கள். அவள் விளையாட வருவதில்லை, அதிகம் பேசுவதில்லை, யாரோடும் ஒட்டுவதில்லை. அதனாலும் அவளைப் பிடிக்கவில்லை. ஆசிரியை வெளியே போயிருந்த நேரத்தில், வில்லியம் என்ற பையனோடு எல்லோரும் சேர்ந்து அவளை இழுத்துப்போய், ஒரு சுவர் அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் மழை நிற்கிறது. சூரியன் வருகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், உருளுகிறார்கள், வெயிலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு சிறுமியின் உள்ளங்கையில் ஒரு மழைத்துளி விழுகிறது. நேரம் முடிந்துவிட்டது. இனி ஏழு ஆண்டுகளுக்கு வெயில் இல்லை. எல்லோரும் உள்ளே ஓடி வருகிறார்கள். அப்போதுதான் ஒருத்திக்கு ஞாபகம் வருகிறது... மார்கோ!

யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மெதுவாக நடந்து போய்க் கதவைத் திறக்கிறார்கள்.

அவ்வளவுதான். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மார்கோ அழுதாளா, திட்டினாளா, பேசாமல் நின்றாளா... பிராட்பரி சொல்லவே இல்லை.

மாமா எண்ணை மாற்றிவிட்டார், ஏழு, பத்தாகிவிட்டது. அலமாரி அறை, சாதாரண அறையாகிவிட்டது. ஆனால் அந்தப் பூட்டு மட்டும் இத்தனை ஆண்டுகளாக அவர் மனதில் அப்படியே இருந்திருக்கிறது பார்த்தீர்களா?

முடிவில் ஒரு சண்டை

இதே கதையை ஞாபகம் வைத்திருக்கும் வேறொருவர், "இல்லையே, கடைசியில் பிள்ளைகள் அவளுக்குப் பூ கொடுப்பார்களே!" என்று சொல்லக்கூடும். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். 1982-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தக் கதை ஒரு குறும்படமாக வந்தது. அதில், வெயிலில் பறித்த பூக்களை மார்கோவிடம் கொடுத்துத் தங்கள் வருத்தத்தைக் காட்டுகிறார்கள். கதையில் அது கிடையாது. ஆக, கதையைப் படித்தவரும் சரி, படத்தைப் பார்த்தவரும் சரி. இரண்டு ஞாபகங்கள் மோதும்போது, "நீ சொல்றது தப்பு" என்பதற்கு முன்னால், "எங்கே பார்த்தீங்க?" என்று கேளுங்கள்.

யார் இந்த பிராட்பரி?

1920-ல் அமெரிக்காவின் வாகீகன் என்ற ஊரில் பிறந்தவர். காலேஜுக்குப் போகப் பணம் இல்லை. அதனால் என்ன? பத்து ஆண்டுகள் நூலகத்துக்குப் போய்ப் போய்ப் படித்தார். 'நூலகம்தான் என் கல்லூரி' என்ற பொருளில் அடிக்கடி சொல்வார்.

'ஃபாரன்ஹீட் 451' என்ற அவருடைய புகழ்பெற்ற நாவலின் முதல் வடிவம், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில்தான் உருவானது. அங்கே வாடகை டைப்ரைட்டர்கள் இருந்தன. பத்து சென்ட் காசு போட்டால் அரை மணி நேரம் தட்டலாம். மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவானது என்பார். 1953-ல் வெளியான அந்த நாவலில் புத்தகங்களை எரித்துவிடும் ஒரு நாடு வருகிறது. அங்கே புத்தகங்களைக் காப்பாற்ற, சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆளுக்கு ஒரு புத்தகமாக மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்!

2012 ஜூன் மாதம் பிராட்பரி மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 22, அவருடைய பிறந்த நாள். அன்று, செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கிய இடத்துக்கு 'பிராட்பரி லேண்டிங்' என்று நாசா பெயர் வைத்தது.

இப்போது மாமாவின் முகம்...

ஞாபகம் இருக்கிறதா, அந்தச் சுருங்கிய முகம்?

மார்கோவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. அவள் சொன்னபோது, "அப்படியா? இன்னும் சொல்லு" என்று யாரும் கேட்கவில்லை. "பொய்" என்றார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. கதவைப் பூட்டியது அப்புறம்தான்.

நம் வகுப்பிலும் ஒரு மார்கோ இருக்கலாம். வேறு ஊரிலிருந்து வந்தவர். பேச்சு கொஞ்சம் மாறி இருக்கும். "எங்க ஊர்ல இப்படி இருக்கும்" என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். பூட்டு எதுவும் தேவையில்லை. விளையாட்டில் சேர்க்காமல் விட்டாலே அது பூட்டிய கதவுதான். வில்லியம் ஒருவன் மட்டும் அவளைப் பூட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். மற்றவர்கள் எல்லோரும் கூட இருந்தார்கள். ஒருவராவது "வேண்டாம்டா" என்று சொல்லியிருந்தால்?

வெள்ளியில் மழை இல்லை, காடு இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கதையில் இருந்த அறிவியல் பொய்த்துவிட்டது. ஆனாலும் 1954-லிருந்து இன்றுவரை இந்தக் கதையைப் படிக்கிறார்கள். பெயரை மறந்தாலும் அந்தக் கதவை மறக்க மாட்டேன் என்கிறார்கள். காரணம், அந்தப் பிள்ளைகள் செய்தது பொய்க்கவில்லை. பூட்டிய பக்கமோ, பூட்டப்பட்ட பக்கமோ, ஏதோ ஒரு பக்கம் நாம் எல்லோரும் நின்றிருக்கிறோம்.

நீங்களும் துப்பறியலாம்!

* முதலில் கேளுங்கள். பாட்டி, தாத்தா, மாமா, அத்தை என்று எல்லோரிடமும் ஒரு பாதிக் கதை இருக்கும். சிரிக்காமல் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

* உறுதி எது, சந்தேகம் எது என்று பிரியுங்கள். பெயர், எண், ஊர் இவற்றைச் சீக்கிரம் நம்பாதீர்கள். காட்சியை நம்புங்கள்.

* எந்த வயதில், எங்கே, எந்த மொழியில் படித்தார்கள் என்று கேளுங்கள். கதை அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்!

* கதையில் உள்ள பொருட்களைக் கவனியுங்கள். ரேடியோவா, டி.வி.யா, செல்போனா? கதை எழுதிய காலத்தை அவை காட்டிக் கொடுத்துவிடும்.

* தப்பான கதை கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். அதை எழுதியவரின் மற்ற கதைகளையும் பாருங்கள்.

* இணையத்தில் தேடும்போது பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூலகரையும் மறக்காதீர்கள். "பேர் தெரியலை சார், ஆனா கதை தெரியும்" என்று கேட்டுப் பாருங்கள்.

கதை கிடைத்தால் ஓடிப்போய் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். கிடைக்காவிட்டால்? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அவர்களுக்கு ஞாபகம் இருக்கும் வரைக்கும் சொல்லச் சொல்லி, நோட்டில் எழுதி, கீழே தேதி போட்டு வையுங்கள். பாதிக் கதையாக இருந்தால் என்ன? எழுதி வைத்தால் அது இனி தொலையாது.

சரி குட்டீஸ், மாமா இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறார். போய், "மாமா, நீங்க சொன்ன கதை நிஜம்தான்!" என்று சொல்லிவிட்டு, அம்மாவையும் கூப்பிடுங்கள்!